பழைய இரும்பும் புதிய நரம்பும்

வார்ப்பிரும்புக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. அச்சிலிருந்து வெளிவந்த புதிதில் அதனுள்ளே தகைப்புகள் அடங்கிக் கிடக்கும். மெல்லிய பகுதி விரைந்து ஆறும். தடித்த பகுதி மெதுவாக ஆறும். இவ்விரண்டுக்கும் இடையிலான இழுபறி நெடுநாள் ஓயாது. அவசரப்பட்டு இழைத்துச் சமப்படுத்திய வார்ப்பு, சில மாதங்களின் பின் எவரும் தொடாமலே வளைந்து நிற்பதுண்டு. இக்காரணத்தாலேயே பழைய பட்டறைகளில் வார்ப்புகளை வெயிலிலும் மழையிலும் போட்டுவைத்து, அவை ஆறி அடங்கிய பின்னரே வேலைக்கு எடுக்கும் வழக்கம் இருந்தது. அவ்வாறு நோக்கின், ஐம்பது அறுபது ஆண்டுகள் உழைத்த ஒரு மில்லிங் பொறியின் உடல், தன் இளமைக் கொந்தளிப்புகளையெல்லாம் கடந்து அமைதி எய்திய உடல் எனலாம். மூத்துப்போவன அதன் மோட்டர், திருகு, ஆளி, கம்பி ஆகியனவே. உடலை வைத்துக்கொண்டு நரம்புகளை மாற்றும் இவ்வேலையைப் பட்டறையினர் 'றெற்றோபிற்' என்பர். 'மீள்பொருத்தல்' என்று தமிழில் வழங்கலாம். ஆயினும் எதை மீளப் பொருத்துகிறோம் என்ற வினாவை அச்சொல் மறைத்துவிடுகின்றது. பழையதைப் பழையபடி பொருத்துவது இங்கு நிகழ்வதில்லை. பழைய உடலுக்குப் புதிய புலனும் புதிய அறிவும் வழங்கப்படுகின்றன. இவ்வேலையிலுள்ள நுட்பமும் தகராறும் இரண்டும் இங்கிருந்தே எழுகின்றன.

பொறியியற் பீடத்துக்கு அப்பாலுள்ள வாசகருக்காக ஒரு விளக்கம் வேண்டியுள்ளது. கடைசற் பொறியிலே பொருள் சுழலும். கருவி சுழலாது அதனோடு பொருந்தி நகரும். மில்லிங் பொறியிலோ பல பற்களையுடைய வெட்டுக்கருவி சுழலும். பொருள் மேசைமீது இறுகப் பிணிக்கப்பட்டு அதன்கீழ் நகரும். கருவியைச் சுழற்றும் தண்டே 'ஸ்பிண்டில்'. மேசையை இடம்வலமாகவும் முன்பின்னாகவும் நகர்த்துவன திருகுகள். அவற்றின் முனையிலே கைச்சக்கரங்கள். மேசையைத் தாங்கி மேலும் கீழும் இயங்கும் பாரிய பகுதிக்கு 'முழங்கால்' என்று பெயர். வேலை செய்பவர் அதன் முன்னே நிற்கும்போது இரு முழங்கால்களும் எதிரெதிரே இருப்பதைக் காணின் பெயர் வைத்தவரின் கற்பனையைக் குறைகூற மனம் வராது.

இவ்வகையிற் புகழ்பெற்றது பிறிட்ஜ்போட். ஐக்கிய அமெரிக்காவின் கொனற்றிகட் மாநிலத்திலுள்ள பிறிட்ஜ்போட் நகரிலே, சுவீடனிலிருந்து குடியேறிய றூடொல்ப் பனோ, மக்னஸ் வால்ஸ்ற்றோம் ஆகிய இருவரும் 1938 இல் இதனை விற்பனைக்குக் கொணர்ந்தனர். தலைப்பகுதியை எப்பக்கமும் திருப்பவும் சரிக்கவும் இயலும் என்பதே அதன் வெற்றியின் இரகசியம். ஏறக்குறைய 900 கிலோகிராம் நிறையுள்ள இப்பொறி சிறு பட்டறைகளிலும் கல்லூரிகளிலும் ஆய்வுகூடங்களிலும் புகுந்து, இலட்சக்கணக்கிற் பெருகிற்று. பல நாடுகளில் அதன் நகல்களும் தோன்றின. அதன் கைச்சக்கரத்தை ஒருமுறை சுற்றினால் மேசை ஓர் அங்குலத்தின் ஐந்திலொரு பங்கு நகரும். சக்கரத்து வளையத்தில் 200 கோடுகள். ஆகவே ஒரு கோடு ஓர் அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கு. இக்கோடுகளைக் கண்ணாலும், அவற்றுக்கிடையே உள்ளதைக் கையாலும் அறிந்து வாழ்ந்த ஒரு தொழிலாளர் தலைமுறை இருந்தது.

இன்று கணினியால் இயங்கும் வெட்டுப்பொறிகள் யாவற்றுக்கும் மூதாதையாகிய பொறி, புதிதாகச் செய்யப்பட்ட பொறியன்று என்பது பலர் அறியாத செய்தி. அதுவும் ஒரு மீள்பொருத்தலே. மிச்சிகன் மாநிலத்தின் றவேர்ஸ் நகரில் ஜோன் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகொப்ரர் சுழலிதழ்களைச் செய்து கொடுத்துவந்தார். பல்கலைக்கழகப் பட்டம் ஏதும் பெறாதவர். இதழின் குறுக்குவெட்டு வடிவத்தைச் சரிபார்க்கும் அச்சுத்தகட்டைச் செம்மையாக வெட்டுவதே அவருக்குப் பெருஞ் சிக்கலாயிற்று. சில புள்ளிகளைக் குறித்து அவற்றை வளைகோலால் இணைத்து, அக்கோட்டின்வழி வெட்டி அராவுவதே வழக்கம். அவருடன் பணிபுரிந்த பிராங் ஸ்டூலன், ஐ.பி.எம். துளையட்டைக் கணிபொறியைக் கொண்டு அவ்வளைவின்மீது 200 புள்ளிகளைக் கணித்துக் கொடுத்தார். பின்னர் நடந்தது ஏறக்குறைய ஒரு நாடகக் காட்சி: ஒருவர் அட்டவணையிலிருந்து எண்களை உரக்கப் படிக்க, ஒருவர் ஒரு கைச்சக்கரத்தையும் மற்றவர் மறு கைச்சக்கரத்தையும் அவ்வெண்ணுக்குத் திருப்ப, கருவி அப்புள்ளியிலே இறங்கி வெட்டிற்று. எண்களைப் படிக்கும் வாய்க்கும் சக்கரத்தைத் திருப்பும் கைகளுக்கும் பதிலாக இயந்திரத்தையே வைத்தால் என்ன என்பதே பார்சன்ஸின் எண்ணம்.

1949 இல் அமெரிக்க விமானப்படை இதற்குப் பணம் வழங்கிற்று. பார்சன்ஸ் மசாசூசற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தின் சேர்வோ பொறிமுறை ஆய்வுகூடத்தை நாடினார். 1940 இல் கோர்டன் பிறவுன் தொடக்கிய அவ்வாய்வுகூடம், போர்க்காலத்திலே பீரங்கிகளைக் குறிநோக்கித் திருப்பும் பொறிமுறைகளில் கைதேர்ந்தது. அவர்கள் ஒரு சின்சினாற்றி ஹைட்றோ-ரெல் மில்லிங் பொறியை எடுத்துக்கொண்டனர். மாதிரி ஒன்றைத் தொட்டுணர்ந்து அதன் வடிவைப் பின்பற்றி வெட்டுவதற்கென உருவான பொறி அது. மூன்று அச்சுகளுக்கும் சேர்வோக்களைப் பூட்டி, துளையிட்ட காகித நாடாவிலிருந்து எண்களைப் படித்து ஆணையிடும் கட்டுப்பாட்டுக் கருவியையும் அதனோடு இணைத்தனர். நூற்றுக்கணக்கான வால்வுகளும் அஞ்சலாளிகளும் கொண்ட அக்கருவி பொறியையே சிறியதாகக் காட்டுமளவுக்குப் பருத்திருந்தது. 1952 செப்ரெம்பரிலே அது தொழிலதிபர் முன் இயக்கிக் காட்டப்பட்டது. புள்ளிபுள்ளியாக வெட்டும் பார்சன்ஸின் எளிய திட்டம் தொடர்பாதையில் வெட்டும் பெருந்திட்டமாக மாறிய வேளையில், பார்சன்ஸ் தாம் தொடங்கிய வேலைக்கே புறத்தவராகிவிட்டிருந்தார். 1985 இல் அவருக்கும் ஸ்டூலனுக்கும் அமெரிக்கத் தேசியத் தொழினுட்பப் பதக்கம் வழங்கப்பட்டமை காலந்தாழ்ந்த கைமாறு.

அதே 1952 ஆம் ஆண்டிலே கேர்ட் வொன்னகட் என்னும் இளம் எழுத்தாளரின் முதல் நாவலாகிய 'பிளேயர் பியானோ' வெளிவந்தது. ஜெனரல் எலெக்ற்றிக் நிறுவனத்தின் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்தவர் அவர். அங்கே தானாக இயங்கி வெட்டும் ஒரு மில்லிங் பொறியைக் கண்டதே அந்நாவலுக்கு வித்து என்று பிற்காலத்திற் கூறினார். அதிலே றூடி ஹேர்ட்ஸ் என்றொரு கைதேர்ந்த கடைசற்காரர் வருகிறார். அவருடைய கையசைவுகள் நாடாவிலே பதியப்படுகின்றன, அதன்பின் நாடா வேலை செய்கிறது, றூடி வேண்டப்படுவதில்லை. இது வெறுங் கற்பனையன்று. ஜெனரல் எலெக்ற்றிக் நாற்பதுகளின் பிற்பகுதியில் இத்தகைய பதிவுமுறை ஒன்றை உண்மையாகவே ஆக்கியிருந்தது. தொழிலாளி முதற் பொருளைத் தன் கையால் வெட்டுவார். அசைவுகள் காந்த நாடாவிற் பதியும். எஞ்சியவற்றை நாடா வெட்டும்.

வரலாற்றறிஞர் டேவிட் நோபிள் 1984 இல் எழுதிய நூலொன்றில் இவ்விரு முறைகளையும் அருகருகே வைத்து ஆராய்ந்தார். பதிவுமுறையிலே அறிவின் ஊற்று தொழிலாளியின் கையிலேயே தங்கியிருந்தது; எண்வழிமுறையிலே அது மேல்மாடி அலுவலகத்துக்குப் போய்விட்டது; முகாமையினர் இரண்டாவதை விரும்பியதற்குத் தொழினுட்பம் மட்டும் காரணமன்று என்பது அவர் வாதம். இவ்வாதத்தில் உண்மை நிறைய உண்டு. ஆயினும் முழு உண்மையும் இதுவாகாது. மூன்று அச்சுகள் ஒருங்கே அசைந்தாலன்றி உருவாகாத விமானச் சிறகின் வளைபரப்பை எத்துணைத் தேர்ந்த கையும் முதன்முறை வெட்டித் தர இயலாது. கையால் வெட்ட இயலாததைப் பதிவு செய்யவும் இயலாது. வொன்னகட்டின் றூடியைப் பொறுத்தவரை இன்னொரு கசப்பும் உண்டு. நோபிள் தொழிலாளிக்கு நட்பானதாகக் கருதிய அதே பதிவுமுறைதான் நாவலில் அவரை வீட்டுக்கு அனுப்புகிறது. கருவி எதுவாயினும், நாடா எவருடைய பெட்டியில் இருக்கிறது என்பதே பெரிதாகிறது.

இப்பின்னணியை மனத்திற்கொண்டு இன்றைய சிறு பட்டறை ஒன்றினுள் நுழைதல் நன்று. அங்கே ஒரு பழைய பிறிட்ஜ்போட் நிற்கிறது. அதன் உரிமையாளரே அதன் தொழிலாளி, மீள்பொருத்துபவரும் அவரே.

முதலிற் கழற்றப்படுவன திருகுகள். பழைய திருகு சரிவகப் புரியுடையது. வெண்கல நட்டு அதன்மீது வழுக்கிச் செல்லும். ஆண்டுகள் செல்லச்செல்ல நட்டுத் தேய்ந்து, திருகுக்கும் நட்டுக்குமிடையே இடைவெளி உண்டாகும். பட்டறையில் இதனைப் 'பிளே' என்பர். சக்கரத்தை எதிர்ப்புறம் திருப்பும்போது முதற் சில கோடுகள் வீணே கழியும், மேசை அசையாது. கைத்தொழிலாளிக்கு இது பெருந் தடையன்று. எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து அணுகுவார். தாண்டிப்போனால் நன்றாகப் பின்வாங்கி மீண்டும் வருவார். கருவியின் பற்கள் மேசையைத் தம்பக்கம் இழுக்கும் திசையில் அவர் வெட்டமாட்டார். வெட்டினால் அவ்விடைவெளி முழுவதும் மேசை திடீரெனப் பாயும், கருவி முறியும். தேய்ந்த பொறியோடு வாழும் ஒழுக்கம் அது. எண்வழி இயங்கும் பொறிக்கோ இந்த ஒழுக்கத்தைக் கடைப்பிடிக்க வழியில்லை. ஒரு வட்டத்தை வெட்டும்போது ஒவ்வோர் அச்சும் இருமுறை திசைமாற வேண்டும். ஆக வட்டத்தின் நான்கு இடங்களிலே இடைவெளி வெளிப்பட்டு, அங்கெல்லாம் ஒரு சிறு படி விழும். மென்பொருளில் இவ்வளவு என்று சொல்லி ஈடுசெய்யலாமே எனச் சிலர் கூறுவர். மென்பொருள் திருகைத்தான் கூடுதலாகச் சுழற்றும். வெட்டுவிசை மேசையை அங்குமிங்கும் அசைப்பதை அது தடுக்காது. தேய்ந்த திருகிலே விலையுயர்ந்த சேர்வோவைப் பூட்டுவது, பார்வை மங்கியவருக்கு வேகமான குதிரையைக் கொடுப்பதை ஒக்கும்.

ஆகவே குண்டுத்திருகு பூட்டப்படுகிறது. அதன் புரிக்கும் நட்டுக்கும் இடையே எஃகுக் குண்டுகள் உருண்டோடி, ஒரு குழாய்வழி திரும்பவும் தொடக்கத்துக்கு வரும். வழுக்குதல் இல்லை; உருளுதல் மட்டுமே. கொடுத்த வேலையில் ஏறக்குறைய 90 சதவீதம் மேசையைச் சென்றடையும். பழைய திருகில் அதன் பாதிகூட அடையாது. குண்டுகளைச் சற்று இறுக்கமாக இட்டால் இடைவெளி முற்றாக நீங்கும். ஆனால் உராய்வை ஒழித்தவர் உராய்வு செய்த உதவியையும் இழக்கிறார். பழைய திருகு தன் உராய்வாலேயே பூட்டிக்கொண்டு நிற்கும். மேசை திருகைச் சுழற்ற இயலாது. குண்டுத்திருகிலோ மின் நின்ற கணமே நிலைக்குத்தான பாகம் தன் நிறையால் கீழே இறங்கத் தொடங்கும். முழங்காலும் அதன்மீதுள்ள மேசையும் பல நூறு கிலோகிராம் நிறையுள்ளவை. ஆதலால் அனுபவமுள்ளோர் முழங்காலைப் பழைய திருகோடு விட்டுவிட்டு, ஸ்பிண்டிலை ஏந்தியிருக்கும் உறையையே மேலும் கீழும் இயக்குவர். அல்லது மோட்டரிலே தடுப்பு ஒன்றைப் பூட்டுவர்.

அடுத்தது சேர்வோ. எழுபதுகளில் பிறிட்ஜ்போட் நிறுவனமே எண்வழிப் பொறிகளை விற்கத் தொடங்கியபோது படிமோட்டர்களைப் பயன்படுத்திற்று. படிமோட்டர் சுற்றுக்கு 200 படி என ஆணைப்படி நடக்கும். நடந்ததா என்பதை எவரும் வினாவுவதில்லை. சுமை மிகுந்து சில படிகளைத் தவறவிட்டாலும் கட்டுப்பாட்டுக்கு அது தெரியாது. தவறிய இடத்திலிருந்தே முழு நம்பிக்கையோடு வெட்டிக்கொண்டு போகும். சேர்வோவோ வினாவும் இயல்புடையது. மோட்டரின் பின்னே மெல்லிய கோடுகளிட்ட தட்டொன்று சுழல்கிறது. ஒளி அக்கோடுகளை எண்ணுகிறது. 2500 கோடுகளெனின், இரு ஒளிக்கண்களின் ஏற்ற இறக்கங்களையும் சேர்த்துச் சுற்றுக்கு 10,000 எண்ணிக்கை கிடைக்கும். புரியிடை 5 மில்லிமீற்றர் உள்ள திருகிலே ஓரெண்ணிக்கை அரை மைக்கிறோமீற்றர். விநாடிக்கு ஆயிரம் முறை கட்டுப்பாடு கேட்கிறது: எங்கே இருக்க வேண்டும், எங்கே இருக்கிறாய்? வேறுபாட்டுக்கு ஏற்ப மோட்டரை உந்துகிறது. வேறுபாடு எல்லை மீறினால் யாவற்றையும் நிறுத்துகிறது. உந்துதலின் நயத்தைக் குறைவாக வைத்தால் மேசை சோம்பிப் பின்தங்கும். அளவுமீறி வைத்தால் இருக்கவேண்டிய இடத்தைச் சுற்றிச் சுற்றி நடுங்கி ரீங்காரமிடும். சரியான இடத்தை எண்கள் மட்டும் காட்டுவதில்லை, காதும் காட்டும்.

ஸ்பிண்டில் பற்றி அதிகம் எழுதவேண்டியதில்லை. எனினும் அங்கேதான் மிகுதியான பணம் வீணாகிறது. பழைய தலைப்பகுதியின் வேகம் நிமிடத்துக்கு 2720 சுற்றே. 6 மில்லிமீற்றர் விட்டமுள்ள காபைட் வெட்டுக்கருவி அலுமினியத்தை நிமிடத்துக்கு 300 மீற்றர் வேகத்தில் வெட்ட ஏறக்குறைய 16,000 சுற்று வேண்டும். பழைய தலை 51 மீற்றரையே தரும். இக்கணக்கைக் கண்டு மயங்கி, பட்டைகளையும் பற்சில்லுகளையும் எறிந்துவிட்டு, மீடிறன் மாற்றி ஒன்றினாலேயே யாவற்றையும் சாதிக்க முயல்வோர் உளர். மீடிறன் மாற்றி அருமையான கருவிதான். நான்கு முனைவுத் தூண்டல் மோட்டர் 50 ஹேர்ட்ஸில் 1500 சுற்றை நெருங்கும். 25 ஹேர்ட்ஸில் அதில் அரைவாசி. வீட்டுக்கு வரும் ஒற்றை அவத்தை மின்னைக்கூட அது மூவவத்தையாக்கித் தரும். ஆனால் வேகம் அரைவாசியானால் வலுவும் அரைவாசியே, முறுக்கம் கூடுவதில்லை. பழைய பற்சில்லோ வேகத்தைக் குறைத்த அளவுக்கு முறுக்கத்தைப் பெருக்கிக் கொடுத்தது. பெரிய கருவியால் எஃகை வெட்டும்போதுதான் அதன் அருமை தெரியும். மேலும் மெதுவாகச் சுழலும் மோட்டரின் விசிறியும் மெதுவாகவே சுழலும், மோட்டர் சூடேறும். பற்சில்லை வைத்துக்கொண்டு மீடிறன் மாற்றியையும் பூட்டுவோரே விவேகிகள்.

இத்தனையும் செய்து முடித்த பின்னரே சறுக்குத்தடத்தின் பேச்சு எழுகிறது; உண்மையில் அதுவே முதலில் எழுந்திருக்க வேண்டும். மேசை சறுக்கும் தடங்கள் கையாற் சுரண்டிச் செம்மை செய்யப்பட்டவை. நீலச்சாயம் பூசிய சமதளத்தை அதன்மேல் தேய்த்து, சாயம் பட்ட மேடுகளை மட்டும் சுரண்டி, மீண்டும் தேய்த்து, மீண்டும் சுரண்டி, நாட்கணக்கிற் செய்யும் வேலை. பல்லாண்டுப் பாவனையில் இத்தடம் ஒரே சீராகத் தேய்வதில்லை. வேலை பெரும்பாலும் மேசையின் நடுவிலேயே நடப்பதால் நடுவே மிகுதியாகத் தேயும். நடுவிலுள்ள தளர்வைப் போக்க ஆப்பை இறுக்கினால், தேயாத இரு முனைகளிலும் மேசை சிக்கிக்கொள்ளும். இது தொழிலாளியின் கைக்கு நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. எந்த இடத்தில் சக்கரம் கனக்கும், எங்கே இலேசாகும் என்பதை அவர் எழுதி வைத்ததில்லை, கேட்டவரும் இல்லை.

சேர்வோ பூட்டிய முதல்நாளே அதே செய்தி வேறொரு மொழியில் வெளிவருகிறது. மேசையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சீரான வேகத்தில் ஓட்டி, மோட்டர் இழுக்கும் மின்னோட்டத்தை வரைபடமாக்கினால், முனைகளில் உயர்ந்து நடுவில் தாழ்ந்த ஒரு கோடு கிடைக்கும். மோட்டரிலுள்ள கண்ணோ திருகின் சுழற்சியை மட்டுமே காண்கிறது. நடுவில் மேசை பக்கவாட்டிற் சரிவதை அது அறியாது. திரையிலே எண்கள் அரை மைக்கிறோமீற்றர் செம்மையோடு ஒளிரும், வெட்டிய பொருளோ பிழைத்திருக்கும். திரையின் செம்மையைப் பொறியின் செம்மையெனக் கொள்வது இத்துறையிலே தலைசிறந்த மூடநம்பிக்கை. தடத்தைத் திரும்பச் சுரண்டுவதற்குக் குறுக்குவழி கிடையாது. சுரண்டத் தெரிந்தோர் தொகையோ அருகி வருகிறது. மின்னணுப் பாகங்கள் ஆண்டுதோறும் மலிவாகின்றன. மனிதக் கையின் இவ்வொரு வேலை மட்டும் ஆண்டுதோறும் அரிதாகின்றது.

நாடா எவர் பெட்டியில் என்ற வினாவுக்கு இச்சிறு பட்டறையில் கிடைக்கும் விடை, 1952 இல் எவரும் எதிர்பாராதது. அமெரிக்க அரசின் நியம, தொழினுட்ப நிறுவனம் தொண்ணூறுகளில் பொறிக்கட்டுப்பாட்டு மென்பொருளொன்றை ஆக்கி, 1995 இல் மிச்சிகனின் பொன்ரியக் நகரிலுள்ள ஜெனரல் மோட்டர்ஸ் ஆலையொன்றின் வெட்டுப்பொறியில் பொருத்திப் பார்த்தது. அரசாங்க ஆக்கமாதலால் அது பொதுவுடைமையாயிற்று. அதிலிருந்து வளர்ந்த லினக்ஸ் சி.என்.சி. என்ற மென்பொருளை இன்று எவரும் விலையின்றிப் பெறலாம், திருத்தலாம். விமானப்படையின் பணத்தில், தொழிலாளியைத் தாண்டிச் செல்லும் நோக்கோடு பிறந்த முறை, இரு தலைமுறை கழிந்து, தன் பொறியைத் தானே திறந்து பூட்டும் தொழிலாளியின் மேசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பெருந்தொழிற்சாலைகளில் இவ்வாறு நிகழ்ந்ததெனச் சொல்வதற்கில்லை. அங்கு நாடா இன்றும் மேல்மாடியிலேயே இருக்கிறது. கீழே நிற்பவர் பொருளை ஏற்றி இறக்குகிறார்.

இறுதியாகக் கைச்சக்கரங்கள். மோட்டர் மேசையை வேகமாக ஓட்டும்போது சக்கரத்தின் கைப்பிடி சுழன்று உடையையோ கையையோ பற்றக்கூடுமாதலால், அவற்றைக் கழற்றி விடுவதே முறை. அவற்றுக்கு ஈடாகக் கம்பியின் முனையில் உள்ளங்கையளவான ஒரு பெட்டி தொங்கும். அதிலும் ஒரு சக்கரம். சுற்றுக்கு 100 சொடுக்கு, சொடுக்குக்கு ஒரு சிறு நகர்வு. ஆனால் அச்சக்கரம் கனப்பதுமில்லை, இலேசாவதுமில்லை. கருவி மழுங்கினாலும், உலோகத்தினுள்ளே கடினமான முடிச்சொன்று எதிர்ப்பட்டாலும் அது ஒரே சீராகச் சொடுக்கும். பழைய கையுள்ளோர் சில நாள் அதனோடு தடுமாறுவர். பின்னர் திரையின் மூலையிலுள்ள மின்னோட்ட அளவியின்மீது ஒரு கண்ணையும், வெட்டும் ஓசையின்மீது காதையும் வைக்கப் பழகிக்கொள்வர். கழற்றிய கைச்சக்கரங்களை எண்ணெயிட்டுத் துணியிற் சுற்றி, பொறியின் அடியிலுள்ள அலுமாரியிலே வைத்துவிடுவதும் உண்டு.